மாஸ்டரின் பதிவேடும் வின்டோசை விட்டு வராத மென்பொருள்களும்

போன கிழமை இரவு பத்தரை மணிக்குத் தொலைபேசி அடித்தது. அந்த நேரத்தில் அழைப்பு வந்தால் எங்கள் ஆக்களுக்கு நெஞ்சு ஒருக்கால் இடித்துத்தான் ஓயும். ஊரில் ஆருக்கோ ஏதோ... என்றுதான் மனம் முதலில் ஓடும். எடுத்தால் மாஸ்டரின் பேரன்.

"மாமா, அப்பப்பாவின்ர புரோகிராம் என்ர மக்கில திறக்குதில்லை. கனடாவில இருக்கிற அத்தைக்குக் காணி எல்லை பாக்க வேணுமாம். பழைய லப்டொப்பும் செத்துப்போச்சு. யுஎஸ்பியில ஒரு கொப்பி மட்டும் கிடக்கு. என்ன செய்யிறது?"

அந்தப் புரோகிராமை எழுதிய ஆள் நான்தான். ஆகவே குற்றவாளியும் நான்தான்.

மாஸ்டர் எங்கள் ஊரில் கணக்குப் படிப்பித்தவர். வலிகாமம் வடக்கை விட்டு 1990இல் எல்லாரும் எழும்பி ஓடியபோது அவர் உடுப்புப் பையோடு கொண்டுவந்தது இரண்டு கொப்பிகள். ஒன்றில் ஊர்ச்சனத்தின் பெயர், தகப்பன் பெயர், வளவின் பெயர். மற்றதில் ஒவ்வொரு காணிக்கும் நாலு பக்கமும் எல்லைக்காரர் ஆர் ஆர் என்ற விபரம். அவருக்கு அது ஒரு பொழுதுபோக்கு மாதிரி. பிறகு மகன் கூப்பிட்டு யேர்மனிக்கு வந்தார். 1999இல் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நீ கொம்பியூட்டர் படிச்சனி எண்டு சொல்லுகினம். உதை ஏத்தித் தரமாட்டியோ?" என்று கேட்டார்.

நான் அப்போதுதான் கோப்பை கழுவுகிற வேலையை விட்டு, வேலைவாய்ப்பு அலுவலகம் அனுப்பிய தொழில்மாற்றப் படிப்பை முடித்திருந்தேன். விஷுவல் பேசிக் 6 கையில் இருந்தது. வாலிப முறுக்கும் இருந்தது. மூன்று மாதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். மாஸ்டர் ஒரு விரலால் குத்திக் குத்தி ஆயிரத்துக்கு மேற்பட்ட பெயர்களை ஏற்றினார். சில வருசம் கழித்து அவர்கள் வீட்டு நிலவறைக்குள் தண்ணி வந்து இரண்டு கொப்பிகளும் ஊறிப்போயின. "எல்லாம் கொம்பியூட்டரில இருக்குத்தானே மாஸ்டர், எறியுங்கோ" என்று சொன்ன மகானும் நான்தான். மாஸ்டர் 2011இல் கண்ணை மூடிவிட்டார்.

2009க்குப் பிறகு எங்கள் பகுதிக் காணிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்கள். இன்னும் எல்லாம் விடுபடவில்லை. போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வீடு இல்லை, வேலி இல்லை, எல்லைக்கு நின்ற பூவரசும் இல்லை. இடித்துத் தரைமட்டமாக்கின வெளியில் "எங்கட வளவு எது?" என்று நிற்கிற நிலை. அந்த நேரத்தில் கேட்கிற கேள்விக்குத்தான் மாஸ்டரின் பதிவேட்டில் பதில் இருக்கிறது. அது ஒரு விஷுவல் பேசிக் புரோகிராமுக்குள் இருக்கிறது. அந்தப் புரோகிராம் வின்டோசுக்குள் இருக்கிறது.

இந்த ஒரு கிழமை நான் பட்ட பாட்டைச் சொல்லத்தான் இதை எழுதத் தொடங்கினேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் இது என் தனிப்பாடு இல்லை. பெரிய கம்பனிகளும் ஒரு மாநகரமும் முப்பது வருசத்துக்கு மேலாகப் பட்ட பாடு. அந்தக் கதையையும் சேர்த்துச் சொன்னால்தான் என் முட்டாள்தனம் எந்த வகையைச் சேர்ந்தது என்று உங்களுக்கு விளங்கும்.

*

"கொப்பி பண்ணிக் கொண்டுபோய் மற்றக் கொம்பியூட்டரில போட்டால் என்ன?" என்று பேரன் கேட்டான். நியாயமான கேள்விதான். பாட்டைக் கொப்பி பண்ணலாம், படத்தைக் கொப்பி பண்ணலாம், புரோகிராமை ஏன் முடியாது?

ஒரு புரோகிராம் தன் வேலையில் முக்கால்வாசியைத் தானாகச் செய்வதில்லை. திரையில் ஒரு பெட்டி வரைய வேண்டுமா, இயங்குதளத்திடம் கேட்கும். கோப்பைத் திறக்கவும் கேட்கும். எழுத்தைக் காட்டவும் அச்செடுக்கவும் கேட்கும். வின்டோசில் இப்படிக் கேட்பதற்கென்று ஆயிரக்கணக்கான அழைப்புகள் உண்டு. அதே அழைப்பை லினக்சிடமோ மக்கிடமோ கேட்டால், யேர்மன் அலுவலகத்தில் போய் யாழ்ப்பாணத் தமிழில் விண்ணப்பம் கேட்ட மாதிரித்தான்.

இது வெளியில் தெரிகிற பிரச்சினை. தெரியாத பிரச்சினைகள் கனக்க. வின்டோஸ் கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்ப்பதில்லை, லினக்ஸ் பார்க்கும். வின்டோசில் சி ட்ரைவ், டி ட்ரைவ் என்று உண்டு, மற்றவற்றில் இல்லை. புரோகிராமை எழுதினவன் தன் அமைப்புகளை வின்டோசின் ரெஜிஸ்ட்ரியில் எழுதி வைத்திருப்பான். வேறொருவர் செய்த துணைக்கோப்புகளை நம்பியிருப்பான். இதையெல்லாம் அவன் எங்கும் குறித்து வைத்திருக்க மாட்டான், ஏனென்றால் தான் எதை நம்பி நிற்கிறான் என்பது அவனுக்கே தெரியாது. வீட்டை விட்டு வெளிக்கிட்ட பிறகுதானே கிணற்றின் அருமை தெரிந்தது எங்களுக்கும்.

*

இதில் முதலில் அடிபட்டவர்களில் ஒருவர் மைக்ரோசொப்ட் என்பது வேடிக்கை. எக்செல் 1985இல் முதலில் வெளிவந்ததே மக்கின்டோசுக்குத்தான். வின்டோசுக்கு 1987இல்தான் வந்தது. பவர்பொயின்ற்கூட 1987இல் மக்கில் பிறந்த பிள்ளை. அந்தக் காலத்தில் மக் வேர்ட் ஒரு தனி மென்பொருள், வின்டோஸ் வேர்ட் இன்னொரு தனி மென்பொருள். இரண்டுக்கும் இரண்டு மூலநிரல். இரட்டைச் செலவு.

ஆகவே வேர்ட் 6இல் ஒரு கெட்டித்தனம் செய்தார்கள். வின்டோஸ் வேர்ட்டின் மூலநிரலையே எடுத்து, வின்டோஸ் அழைப்புகளை மக்கின் அழைப்புகளாக மாற்றுகிற ஒரு படலத்தைக் கீழே வைத்து, 1994இல் மக்குக்கு வெளியிட்டார்கள். புரோகிராம் ஓடியது. ஆனால் ஊர்ந்தது. அந்தக் காலத்து மக்கின் சின்ன நினைவகத்தை விழுங்கியது. அதைவிட மோசம், அது மக் மாதிரி இருக்கவில்லை. பட்டிகளும் பெட்டிகளும் வின்டோஸ் வாடை அடித்தன. மக்காரர் கொதித்துப்போய்ப் பழைய 5.1ஐயே வருசக்கணக்காக வைத்திருந்தார்கள். பிறகு மக்குக்கென்று தனியாக ஒரு பிரிவை அமைத்து, வேர்ட் 98 வந்த பிறகுதான் அந்தச் சூடு ஆறியது.

மூலநிரல் கையில் இருக்கிறது, காசு இருக்கிறது, வின்டோசையே செய்தவர்களும் அவர்கள்தான். அப்படியிருந்தும் சறுக்கியது. புரோகிராம் ஓடுவது வேறு, போன இடத்துப் பழக்கவழக்கத்தோடு ஒத்துப்போவது வேறு. (இதை எங்களுக்கு ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை.)

*

அடுத்த வழி வைன். குடிக்கிற வைன் இல்லை. 1993இல் பொப் அம்ஸ்ராட், எரிக் யங்டேல் என்ற இருவர் தொடங்கியது. வின்டோஸ் 3.1இன் புரோகிராம்களை லினக்சில் ஓடவைப்பது நோக்கம். 1994 முதல் அலெக்சாந்திர் யூலியார் அதை நடத்துகிறார். புரோகிராமை மாற்றாமல், அது கேட்கிற ஒவ்வொரு வின்டோஸ் அழைப்புக்கும் லினக்சில் இருந்தே பதில் சொல்கிற ஏற்பாடு அது.

கேட்கச் சின்ன விசயம். ஆனால் 1993இல் தொடங்கிய வைனின் 1.0 பதிப்பு வெளிவந்தது 2008 ஜூனில். பதினைந்து வருசம்! ஒரு பிள்ளை பிறந்து பத்தாம் வகுப்புக்குப் போய்விடும்.

ஏன் இவ்வளவு காலம்? வின்டோஸ் எப்படி நடக்கும் என்று புத்தகத்தில் எழுதியிருப்பது ஒன்று. உண்மையில் அது நடப்பது இன்னொன்று. புரோகிராம் எழுதினவர்கள் இரண்டாவதை நம்பித்தான் எழுதியிருப்பார்கள், பிழைகள் உட்பட. இதற்கு ஒரு பிரபலமான கதை உண்டு. வின்டோஸ் 3 காலத்து சிம்சிட்டி விளையாட்டு, தான் திருப்பிக் கொடுத்த நினைவகத்தை மறுபடியும் வாசிக்கிற ஒரு பிழையோடு இருந்தது. பழைய வின்டோசில் அது தற்செயலாகத் தப்பியது. வின்டோஸ் 95இல் தப்பாது. அதற்காக மைக்ரோசொப்ட்காரர் என்ன செய்தார்கள் தெரியுமா? சிம்சிட்டி ஓடுகிறதா என்று வின்டோசே பார்த்து, ஓடினால் நினைவகத்தை உடனே பறிக்காமல் விடுகிற மாதிரி எழுதினார்கள். மற்றவனின் பிழைக்கு இவர்கள் மருந்து கட்டினார்கள். வாடிக்கையாளரை வின்டோசோடு கட்டி வைத்ததும் இந்த மருந்துதான். 1999இல் நான் எழுதிய புரோகிராம் கடைசிவரை வின்டோஸ் 10இல் ஓடியதே, அதுவும் இதனால்தான். வைன்காரர் இப்படிப்பட்ட ஒவ்வொரு மருந்தையும் வெளியில் நின்றே ஊகித்துக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

வைனை நம்பி முதலில் பெரிதாக இறங்கியது கனடாவின் ஒட்டாவாவில் இருந்த கோரல். 1999 நவம்பரில் சொந்தமாக ஒரு லினக்சே வெளியிட்டார்கள். 2000இல் வேர்ட்பெர்பெக்ட் ஒபிஸ் 2000ஐ லினக்சுக்குக் கொண்டுவந்தார்கள். உள்ளே இருந்தது வின்டோஸ் புரோகிராமும் வைனின் நூலகமும்தான். அது மெதுவாக ஓடியது, அடிக்கடி விழுந்தது. இதில் கவலை என்னவென்றால் அதற்கு முதல் வந்த வேர்ட்பெர்பெக்ட் 8, லினக்சுக்கென்றே செய்த பதிப்பு, நன்றாக ஓடியது. 2000 ஒக்டோபரில் கோரலில் மைக்ரோசொப்ட் 13.5 கோடி டொலர் முதலிட்டது. அடுத்த வருசம் கோரல் லினக்சை விட்டுவிட்டது.

கூகிள் இரண்டு வழியையும் ஒரே வருசத்தில் செய்து பார்த்தது. 2006 மே மாதம் பிக்காசா லினக்சுக்கு வந்தது வைனைச் சுமந்துகொண்டு. அடுத்த மாதம் கூகிள் ஏர்த் வந்தது, எல்லாத் தளத்துக்கும் பொதுவான கியூட்டி என்ற நூலகத்தில் எழுதப்பட்டு. லினக்ஸ் பிக்காசாவை 2012இல் கைவிட்டார்கள். ஏர்த் அதற்குப் பிறகும் லினக்சில் தொடர்ந்து வந்தது. ஒரு மென்பொருளைப் பிறகு பெயர்ப்பதைவிட, முதல் நாளே பெயரக்கூடியதாகக் கட்டுவது எவ்வளவு மலிவு என்பதற்கு இதைவிடச் சுருக்கமான உதாரணம் எனக்குத் தெரியாது.

*

இனி நான் வாழ்கிற நாட்டின் கதை. மியூனிச் மாநகரசபை 2003 மே மாதம் வின்டோசை விட்டு லினக்சுக்குப் போவதென்று முடிவெடுத்தது. அந்த முடிவைத் தடுக்க மைக்ரோசொப்டின் தலைவர் ஸ்டீவ் பால்மரே நேரில் வந்து நகர முதல்வர் கிறிஸ்ரியான் ஊடவைச் சந்தித்தார். அப்போது எங்கள் வேலையிடத்தில் இதுதான் கதை. நானும் பெரிய லினக்ஸ் வீரன் மாதிரி அந்தக் கிழமை முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

2006இல் மாற்றத் தொடங்கி, 2013இல் ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றி முடித்தார்கள். பத்து வருசம்! லினக்சை நிறுவவா பத்து வருசம் எடுத்தது? இல்லை. ஒவ்வொரு திணைக்களத்திலும் ஆரோ ஒரு எழுதுவினைஞர் எப்போதோ வேர்டுக்குள் எழுதிவைத்த சின்னச் சின்ன மக்ரோக்கள், கடிதப் படிவங்கள், எக்செல் சூத்திரங்கள். நாய் வரிக்குக் கடிதம் அடிக்க ஒன்று, மயானத்துக்கு ஒன்று, கட்டட அனுமதிக்கு ஒன்று என்ற மாதிரி. எழுதினவர் ஓய்வு பெற்றுப் போயிருப்பார். அது என்ன செய்கிறது என்று முழுக்கத் தெரிந்தவர் இருக்கமாட்டார். ஆனால் அது இல்லாமல் அலுவலகம் ஓடாது. இவற்றை ஒழுங்குபடுத்துவதற்கென்றே மியூனிச்காரர் வொல்முக்ஸ் என்று ஒரு மென்பொருளைத் தாங்களே எழுத வேண்டி வந்தது. அப்படியிருந்தும் வின்டோசில் மட்டும் ஓடுகிற சில துறைசார் மென்பொருள்களுக்காக ஒரு பகுதிக் கணினிகள் வின்டோசிலேயே கிடந்தன.

2017 நவம்பரில் மாநகரசபை திரும்பவும் வின்டோசுக்கே போவதென்று முடிவெடுத்தது. அரசியல் காரணம் பாதி என்பார்கள். இருக்கலாம். ஆனால் மீதிப் பாதியை நான் இப்போது என் சொந்தப் புரோகிராமிலேயே கண்டுகொண்டேன்.

பெயர்ப்பது எல்லாமே தோற்றது என்றும் சொல்ல வரவில்லை. 2018இல் வால்வ் கம்பனி வைனை வைத்துச் செய்த புரோட்டோன், இன்று ஏராளமான வின்டோஸ் விளையாட்டுகளை லினக்சில் ஓடவைக்கிறது. என் மகன் அதில்தான் விளையாடுகிறான், உள்ளே வைன் இருப்பதே அவனுக்குத் தெரியாது. ஆனால் 1993இல் இருந்து எத்தனை பேர் உழைத்த உழைப்பு அது என்பதையும் பாருங்கள்.

*

இனி எங்கள் தமிழ்ப் பாடு. இது மேலே சொன்ன எல்லாத்தையும்விடச் சிக்கல், ஏனென்றால் எங்களிடம் பெயராதது புரோகிராம் மட்டும் இல்லை, எழுத்தும்தான்.

புலம்பெயர்ந்த ஈழத்தமிழரில் கனபேர் கணினியில் எழுதப் பழகியது பாமினியில். பாமினி ஒரு எழுத்துரு. அவ்வளவுதான். 'தமிழ்' என்று நீங்கள் பாமினியில் அடித்தால் கணினிக்குள் போய் உட்காருவது தமிழ் இல்லை. ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. இந்த ஐந்து ஆங்கிலக் குறிகளுக்கும் மேல் பாமினி என்ற சட்டையைப் போட்டுவிட்டால் தமிழ் மாதிரித் தெரியும். சட்டையைக் கழற்றினால் அரைப்புள்ளிதான் மிச்சம். 'இது தமிழ்' என்ற சேதி கோப்பில் எங்கும் இல்லை, பார்க்கிற கண்ணாடியில்தான் இருக்கிறது.

இணையத்துக்காக வந்த திஸ்கியிலும் ஒரு சிக்கல் நடந்தது. அதில் 'இ'யை வைத்த இடம், வேறு குறியீட்டு முறைகளில் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்கோட்டின் இடம். சில மென்பொருள்கள் அந்த இடத்தைக் கண்டால் ஒன்றும் காட்டாமல் விழுங்கிவிடும். 'இந்த' என்று எழுதினால் 'ந்த' என்று வரும். பிறகு 1.7 பதிப்பில் 'இ'யைத் தூக்கி வேறு இடத்தில் குடியேற்றினார்கள். ஒரு எழுத்தே இடம்பெயர்ந்த கதை!

தட்டச்சு மென்பொருள்களும் வின்டோசிலேயே நின்றன. 2000களின் தொடக்கத்தில் முகுந்தராஜ் தந்த எ-கலப்பை எங்களில் எத்தனை பேரை எழுதவைத்தது! நான் முதன்முதலில் யுனிகோட்டில் எழுதியதே அதில்தான். ஆனால் அது கீமேன் என்ற வின்டோஸ் மென்பொருளின் மேல் நின்றது. விசைப்பலகைக்கும் புரோகிராமுக்கும் நடுவில் புகுந்து எழுத்தை மாற்றுகிற வேலை அது. அந்த நடு இடம் ஒவ்வொரு இயங்குதளத்திலும் வேறு வேறு மாதிரி. ஆகவே கலப்பையை அப்படியே தூக்கிக்கொண்டு போய் லினக்ஸ் வயலில் உழ முடியவில்லை. அங்கே ஸ்கிம் என்றும் எம்17என் என்றும் வேறு ஏர் பூட்ட வேண்டியிருந்தது. அழகியும் என்எச்எம் ரைட்டரும் வின்டோசுக்குத்தான் வந்தன. மக்கில் 2005இல் ரைகர் பதிப்போடு முத்து நெடுமாறனின் இணைமதி எழுத்துரு வந்த பிறகுதான் நிலைமை மாறியது. அப்போதும் வின்டோசின் தமிழ் எழுத்துருவைக் கொண்டுபோய் மக்கில் போட்டால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நிற்கும். எழுத்தைக் கோக்கிற விதி இரண்டு தளத்திலும் வேறு.

ஒரேயொருவரின் வேலை மட்டும் எந்தத் தளத்திலும் ஓடியது. சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ் செயலி. பாமினியை, திஸ்கியை யுனிகோட்டாக மாற்றித்தரும். அது உலாவிக்குள் ஓடுகிற ஜாவாஸ்கிரிப்ட், நிறுவத் தேவையில்லை. வின்டோசிலும் ஓடியது, மக்கிலும் ஓடியது, லினக்சிலும் ஓடியது. பெயர்க்க வேண்டிய தேவையே இல்லாத இடத்தில் கட்டின வீடு.

*

சரி, பதிவேட்டுக்கு வருவோம்.

முதலில் பேரனின் மக்கில் வைன் வழியைப் பார்த்தோம். என் புரோகிராம் 32 பிட். அப்பிள் 2019இல் கற்றலினா பதிப்போடு 32 பிட் புரோகிராம்களை நிறுத்திவிட்டது. 2020க்குப் பிறகு வந்த மக்குகளில் சில்லே வேறு. மொழிபெயர்ப்பாளருக்கு மேல் மொழிபெயர்ப்பாளர் வைக்க வேண்டும். விட்டுவிட்டு என் லினக்சில் முயன்றேன். வைனில் முதல் திரை வந்தது! 'வணக்கம்' என்று நான் 1999இல் போட்ட வரவேற்பு, வெறும் ஆங்கில எழுத்துகளாக. பாமினியை நிறுவினேன், தமிழாகியது. பெயர்ப்பட்டியலைத் திறந்தேன். அட்டவணை காட்டுகிற துணைக்கோப்பு இல்லை என்று விழுந்தது. அதைத் தேடிப் போட்டேன். இன்னொன்று இல்லை என்றது. இரண்டு இரவு போனது.

வின்டோஸ் 11 கணினி ஒன்றைக் கடன் வாங்கி ஓட்டியிருக்கலாம். ஓடியும் இருக்கும். ஆனால் ஐந்து நாட்டில் இருக்கிற ஐம்பது குடும்பத்துக்கு எத்தனை கணினி கடன் வாங்குவது? திருத்தி எழுதலாம் என்றால் மூலநிரல் இருந்த பிளொப்பிகள் எப்போதோ செத்துவிட்டன. யுனிகோட்டுக்கு மாற்றி அதே புரோகிராமில் பார்க்கவும் வழியில்லை. விஷுவல் பேசிக் 6இன் பெட்டிகள் பழைய குறியீட்டுப் பக்கங்களைத்தான் அறியும். வின்டோசில் தமிழுக்கு அப்படி ஒரு பக்கம் ஒருபோதும் இருந்ததில்லை. யுனிகோட் தமிழைக் கொடுத்தால் வரிசையாகக் கேள்விக்குறிதான் காட்டும்.

ஆகவே புரோகிராமைக் கைவிட்டேன். தரவை மட்டும் காப்பாற்றுவோம். அது அக்செஸ் கோப்பு. லினக்சில் எம்டிபி ரூல்ஸ் என்ற திறந்தமூலக் கருவி அதைத் திறந்து வெறும் எழுத்துக் கோப்பாகக் கொட்டியது. கொட்டினதைப் பாமினியில் இருந்து யுனிகோட்டுக்கு மாற்றினேன்.

அங்கேயும் பாடு. பாமினியில் 'கௌ' என்று எழுத, கொம்பு, க, ள என்றுதான் அடிப்போம். 'கெள' என்பதற்கும் அதேதான். மாற்றுகிற செயலிக்கு எது எது என்று எப்படித் தெரியும்? ஊரில் இருந்த அத்தனை கௌரியும் சௌந்தரமும் கெளரியாகவும் செளந்தரமாகவும் வந்து நின்றார்கள். மாஸ்டர் குறிப்புப் பத்தியில் ஆங்கில முகவரியும் அடித்திருக்கிறார். எது ஆங்கிலம், எது பாமினி என்ற அடையாளம் இல்லை. ரொறன்ரோ முகவரிகள் எல்லாம் ஆராலும் உச்சரிக்க முடியாத தமிழாகிவிட்டன. இவற்றை ஒவ்வொன்றாகக் கையால் திருத்தினேன்.

பிறகு எல்லை அட்டவணையைத் திறந்தேன். அங்கேதான் நெஞ்சு உண்மையாகவே இடித்தது. காணி எண், எல்லைக்காரர் எண், அதற்குப் பக்கத்தில் ஒரு இலக்கம். 1, 2, 3, 4. திசை என்று எழுதவில்லை. எந்த இலக்கம் எந்தத் திசை என்பது என் நிரலுக்குள் இருந்தது. நிரல் இல்லை. என் தலைக்குள் இருந்தது. தலையிலும் இல்லை. வடக்கில் தொடங்கி வலம் சுற்றினேனா? கிழக்கில் தொடங்கினேனா? இருபத்தைந்து வருசத்துக்கு முதல் ஒரு இரவில் நான் எடுத்த முடிவு. பிழையாக ஊகித்தால் ஊரையே திருப்பி வைத்த மாதிரி. ஒருவரின் காணி இன்னொருவரின் காணியாகும். ஏற்கெனவே அங்கே இருக்கிற சண்டை போதாதா?

மாமிக்கு, மாஸ்டரின் மனைவிக்கு, எண்பத்தைந்து வயது. அடுத்த நாள் எடுத்தேன்.

"மாமி, உங்கட வளவுக்கு எந்தப் பக்கம் பிள்ளையார் கோயில்?"

"மேற்கால. காலமை எழும்பி முத்தத்தில நிண்டு கும்பிட்டால் வெய்யில் முதுகில படும். ஏன் தம்பி?"

அட்டவணையில் பார்த்தேன். அவர்களின் காணிக்குக் கோயில்காணி 3. அப்படியென்றால் 3 மேற்கு. "கிழக்கால ஆர் மாமி?" அவ சொன்ன பெயருக்கு 1. வடக்குப் பக்கத்துக்கு 2, தெற்குக்கு 4. கிழக்கு, வடக்கு, மேற்கு, தெற்கு... அப்போதுதான் எனக்கு ஓடி வெளித்தது. எங்கள் பக்கத்துக் காணி உறுதிகளில் எல்லை எழுதுகிற ஒழுங்கு! மாஸ்டர் அந்த ஒழுங்கில்தான் எனக்குச் சொல்லியிருப்பார். நானும் சொன்னபடி இலக்கம் போட்டிருக்கிறேன். இன்னும் மூன்று காணிகளை மாமியிடமும் லண்டனில் இருக்கிற ஒரு அண்ணரிடமும் கேட்டுச் சரிபார்த்தேன். எல்லாம் பொருந்தியது.

கனடா அத்தைக்கு நேற்று அனுப்பிவிட்டேன். அழுதா.

இப்போது பதிவேடு வெறும் யுனிகோட் எழுத்துக் கோப்பு. எந்தக் கணினியிலும் எந்தக் கைத்தொலைபேசியிலும் திறக்கும். திசைகளைத் தமிழில் எழுதியிருக்கிறேன். எந்தப் பத்தி என்ன என்று மேலே பத்து வரி விளக்கமும் போட்டிருக்கிறேன். அச்செடுத்து ஒரு கட்டு மாமியிடம், ஒரு கட்டு கனடாவில். அழகான திரை இல்லை, வரவேற்பு இல்லை. மாஸ்டர் பார்த்தால் "உதுக்கோ மூண்டு மாசம் எடுத்தனி?" என்று கேட்டிருப்பார்.

உங்களில் கனபேரின் வீட்டில் இப்படி ஒன்று கிடக்கும். தமிழ்ப்பள்ளியின் புள்ளி விபரம், கோயில் கணக்கு, அப்பா பாமினியில் அடித்துவைத்த நினைவுக்குறிப்பு, மூடப்பட்ட ஒரு பத்திரிகையின் பக்கங்கள். பழைய லப்டொப்பில், "இருக்குத்தானே" என்ற நம்பிக்கையில். வின்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14உடன் நிறுத்திவிட்டது. அந்த லப்டொப்புகளைக் கனபேர் இப்போது எறியப்போகிறீர்கள். எறிய முதல் ஒருக்கால் திறந்து பாருங்கள். அதற்குள் இருப்பதை வாசித்து 'இது இன்னார்' என்று சொல்லக்கூடியவர்கள் உயிரோடு இருக்கும்போதே பாருங்கள்.

மாமி இன்று திரும்பவும் எடுத்தா. தான் இரவு முழுக்க யோசித்தாவாம். வடக்குப் பக்கத்தில் மாஸ்டர் எழுதாமல் விட்ட இரண்டு காணி இருக்கிறதாம். கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறா.